ரெய்க்யவிக்கில் ஐஸ் ஹாக்கி: நிற்கக்கூடத் தெரியாதவர் கிளப்பில் சேர்வது எப்படி

ஐஸ்லாந்து என்று பெயர்தான் பெரிசு. ஹாக்கி ஆடத் தோதான ஐஸ் இங்கே தானாகக் கிடைப்பதில்லை. ரெய்க்யவிக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். நகரத்தின் நடுவில் உள்ள த்யோர்ட்னின் குளம் திங்கட்கிழமை உறையும், செவ்வாய்க்கிழமை மழை பெய்யும், புதன்கிழமை வாத்து நீந்தும். குளத்தை நம்பிப் போட்டி அட்டவணை போட முடியாது. அதனால்தான் இந்த ஊர் ஹாக்கியின் கதை கூரை வந்த பிறகுதான் ஒழுங்காகத் தொடங்குகிறது. தலைநகரின் லோய்கர்டாலூர் பகுதியில் இருந்த திறந்தவெளி ஐஸுக்கு 1998இல் கூரை போட்டார்கள். வடக்கே ஆக்குரேரியில் 2000இல் உள்ளரங்கம் வந்தது. தலைநகரின் இன்னொரு கோடியில் எகில்ஸ்ஹோட்ல் 2004இல் திறந்தது. நாடு முழுக்க உள்ளரங்கம் என்று பார்த்தால் இந்த மூன்றுதான்.

இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரிந்துவிடும். பயிற்சி ஏன் ராத்திரியில் நடக்கிறது, தேசிய அணிக்காரர் ஏன் பக்கத்துப் பெஞ்சில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார், சேர்ந்த இரண்டாவது வாரமே உங்களை ஏன் காபி விற்கச் சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரே காரணம்: ஐஸ் குறைச்சல், ஆள் அதைவிடக் குறைச்சல். நாட்டின் மக்கள்தொகையே 4 லட்சத்துக்கும் கீழே. அதில் ஹாக்கி ஆடுகிறவர்கள் ஒரு சிறு கூட்டம். சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள் என்று பெரிதாக யாரும் கிடையாது; உச்ச நிலை லீகில் ஆடுபவர்களும் காலையில் தச்சு வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள்தான்.

நான் இந்த ஆட்டத்தை 34 வயதில் தொடங்கினேன். அதற்கு முன் ஐஸைக் கண்ணாடி டம்ளரில் மட்டுமே பார்த்தவன். ஆகவே, கீழே இருப்பது கெட்டிக்காரர்களுக்கான யோசனை இல்லை.

எந்தக் கிளப்

ஆக்குரேரியில் இருந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. 1937இல் தொடங்கிய ஸ்கேட்டிங் கிளப் ஒன்றுதான் அங்கே, சுருக்கமாக எஸ்.ஏ. என்பார்கள். ஆண்கள் கோப்பையை மற்ற எல்லோரையும்விட அதிக முறை வாங்கியவர்கள் அவர்கள்தான். பெண்கள் பக்கமும் அதே ஆதிக்கம்.

ரெய்க்யவிக்கில் முக்கியமாக இரண்டு. லோய்கர்டாலூரில் எஸ்.ஆர்., எகில்ஸ்ஹோட்லில் ஃபியோல்னிர். இரண்டாவதாகச் சொன்ன கிளப் 1990இல் பியோர்ட்னின், அதாவது கரடி, என்ற பெயரில் தொடங்கி, 2018இல் ஃபியோல்னிர் என்ற பெரிய விளையாட்டுச் சங்கத்தோடு சேர்ந்தது. எது நல்ல கிளப் என்று கேட்டால் சண்டைதான் வரும். உங்களுக்கு வேண்டியது வேறு கேள்வி: ராத்திரி பத்தரைக்குப் பயிற்சி முடிந்து, முப்பது கிலோ இருப்பதுபோல் கனக்கும் பையோடு, காற்றில், எந்த அரங்கத்திலிருந்து உங்களால் வீடு போய்ச் சேர முடியும்? கார் இல்லாதவர்கள் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

சேருவதற்குமுன் கையில் இருக்க வேண்டியது கென்னிதாலா. பத்து இலக்க அடையாள எண். முதல் ஆறும் உங்கள் பிறந்த தேதி. அது இல்லாமல் இங்கே ஒரு சிம் கார்டு வாங்குவதே பாடு, கிளப்பில் சேர்வது அப்புறம். பதிவு, கட்டணம், பயிற்சி நேரம் எல்லாம் ஆப்லர் என்ற செயலியில் நடக்கும். அதற்குள் நுழைய மின்னணு அடையாளம் வேண்டும். அதை வங்கியிலோ தொலைபேசி நிறுவனத்திலோ முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் செயலியில் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். கிளப்புக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாலு வரி போதும்: என் வயது இது, ஸ்கேட்டிங் தெரியாது அல்லது கொஞ்சம் தெரியும், பெரியவர்களுக்கான தொடக்கப் பயிற்சி எப்போது, கவசம் இரவல் கிடைக்குமா. ஆங்கிலத்தில் எழுதலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதில் வர ஒரு வாரம் ஆனால் கோபப்படவும் வேண்டாம். எழுதுகிறவர் அலுவலகம் முடிந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் பதில் போடுகிற ஆள். பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவை சும்மா வந்து பார்க்க விடுவார்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் நமக்கு ஒரு சௌகரியம். இங்கே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோருக்குக் கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். கூப்பிடுவது சொந்தப் பெயரைச் சொல்லித்தான். பயிற்சியாளரையும் பெயர் சொல்லித்தான், கிளப் தலைவரையும் பெயர் சொல்லித்தான். இனிஷியலுக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் மற்ற நாடுகளில் நாம் படுகிற அவஸ்தையை இங்கே விளக்காமலே புரிந்துகொள்கிறார்கள்.

முதலில் நிற்க வேண்டும்

பலர் செய்யும் தவறு, நேரே ஹாக்கிப் பயிற்சிக்குப் போய் நிற்பது. நிற்பது என்றா சொன்னேன்? விழுவது. அதற்குமுன் பொதுமக்கள் ஸ்கேட்டிங் நேரத்துக்கு ஆறேழு முறை போய்விடுங்கள். ஸ்கேட் அரங்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். கேட்கும்போது ஹாக்கி ஸ்கேட் என்று சொல்லிக் கேளுங்கள். நடனக்காரர்களின் ஸ்கேட்டில் கத்தியின் முனையில் பல் இருக்கும். அதில் பழகினால் முனையை ஊன்றித் தள்ளும் பழக்கம் வந்துவிடும். பிறகு ஹாக்கி ஸ்கேட் மாட்டும்போது மூக்கு உடையும்.

அளவு பார்க்கும்போது உங்கள் செருப்பு அளவை மறந்துவிடுங்கள். ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலும் ஷூவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாகத்தான் பொருந்தும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லேசாக உரச வேண்டும்; முழங்காலை மடக்கினால் விட வேண்டும். லேஸை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் கட்டுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போனால் கீழ்ப்பகுதியை ரொம்ப இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பழக வேண்டியது நாலே விஷயம். முழங்காலை மடக்கி நிற்பது. நாற்காலியில் உட்காரப் போகிறவர் பாதியில் நின்றதுபோல. நாம் பயந்தால் காலை விறைத்துக்கொள்கிறோம், உடல் பின்னால் சாய்கிறது, பின்மண்டை தரையைத் தேடுகிறது. குனிந்தால் விழுந்தாலும் முன்னால் விழுவீர்கள், அது பரவாயில்லை. இரண்டாவது, விழுவது. வேண்டுமென்றே பக்கவாட்டில், தொடையின் மேல், கையை மடக்கிக்கொண்டு விழுந்து பாருங்கள். விரல்களை விரித்துத் தரையில் ஊன்றக் கூடாது. மணிக்கட்டு போகும், பின்னால் வருகிறவரின் கத்தியும் விரலில் ஏறும். மூன்றாவது, எழுவது: ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற காலைக் குத்துக்காலிட்டு, அந்த முழங்காலில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி எழ வேண்டும். நான்காவது, நிறுத்துவது. இரண்டு குதிகாலையும் வெளியே தள்ளி, பாத முனைகளை உள்ளே திருப்பி, ஐஸைச் சுரண்டிக்கொண்டே நிற்பது. சுவரில் மோதி நிற்பதும் நிற்பதுதான் என்று மூன்று வாரம் நான் வாதாடினேன், தோள்பட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

லோய்கர்டாலூர் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைகளுக்கான பூங்காவும் விலங்குப் பண்ணையும் இருப்பதால் வார இறுதியில் கூட்டம் தாங்காது. வாரநாள் மதியம் போனால் ஐஸ் காலியாக இருக்கும். நாலு வயதுப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பென்குவினைத் தள்ளிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகும். வெட்கப்பட வேண்டாம், நானும் ஒரு பென்குவினைத் தள்ளியிருக்கிறேன்.

கவசம், மட்டை, சாணை

எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் மாத வாடகையில் பாதி போய்விடும். வாங்க வேண்டாம். கிளப்பின் பொருள் அறையில் யாரோ வளர்ந்துவிட்ட பையன் விட்டுப்போன தோள் கவசமும் முழங்கால் கவசமும் கிடக்கும். இரவல் கேளுங்கள். கிளப் ஆட்கள் தங்களுக்குள் பழைய சாமான் விற்கும் குழு ஒன்றிலும் சேர்ந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடையில் மலிவு என்று ஆர்டர் போடுகிறவர்கள், எல்லையில் 24 சதவீத மதிப்புக் கூட்டு வரி ஏறும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல், விமானக் கூலி தனி.

இரவல் வாங்கக் கூடாதவை இரண்டு: ஸ்கேட், ஹெல்மெட். ஸ்கேட் இன்னொருவர் காலுக்குப் படிந்திருக்கும். ஹெல்மெட் எத்தனை அடி வாங்கியது என்று வெளியே தெரியாது. ஹெல்மெட்டில் முகம் முழுவதையும் மூடும் கம்பிக் கூண்டு இருக்கட்டும். பெரிய ஆட்டக்காரர்கள் பாதிக் கண்ணாடியோடு ஆடுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தொடக்கக்காரர்களின் மட்டை எங்கே பறக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

கழுத்துக் காப்பு வாங்க மறக்க வேண்டாம். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரரின் கழுத்தில் எதிரணிக்காரரின் ஸ்கேட் கத்தி பட்டு அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. உங்கள் ராத்திரிப் பயிற்சியில் யாரும் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். போட்டுக்கொள்ளுங்கள்.

மட்டை வாங்குவதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் இடறுகிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் மண் தரையில் ஹாக்கி ஆடி வளர்ந்தவராக இருந்தால் உங்களுக்கு ஒரே வகை மட்டைதான் தெரியும்: இடக்கை மேலே, வலக்கை கீழே. தரை ஹாக்கியில் இடக்கை மட்டை என்பதே சட்டத்தில் கிடையாது. ஐஸில் இரண்டு பக்க மட்டையும் உண்டு. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏராளமானவர்கள் இடப்பக்க மட்டைதான் பிடிக்கிறார்கள், ஏனென்றால் மட்டையின் உச்சியைப் பிடித்திருக்கும் கைதான் அதைத் திருப்பிக் கட்டுப்படுத்துகிறது. பலமான கை அங்கே இருந்தால் நல்லது. ஒரு துடைப்பத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். எந்தக் கை தானாகக் கீழே போகிறதோ, அந்தப் பக்க மட்டை உங்களுடையது. பள்ளியில் ஹாக்கி ஆடியவர்கள் துடைப்பச் சோதனையை விட்டுவிட்டுப் பழைய பிடியிலேயே, வலப்பக்க மட்டையோடு தொடரலாம். அவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: பந்துக்குப் பதில் இங்கே இருப்பது பக் என்ற தட்டையான ரப்பர் வட்டு; அதை மட்டையின் இரண்டு முகத்தாலும் தொடலாம்.

நீளம்: வெறுங்காலில் நின்றால் மூக்கு வரை, ஸ்கேட் மாட்டி நின்றால் தாடை வரை. வளைவு எண் என்று மட்டையில் ஒன்று அச்சடித்திருக்கும். உங்கள் எடை கிலோவில் எவ்வளவோ கிட்டத்தட்ட அந்த எண் இருந்தால் போதும். 70 கிலோக்காரருக்கு 75 சரி. 100 என்று போட்ட கம்பை வாங்கினால் அது வளையவே வளையாது, கடப்பாரையால் அடிப்பதுபோல் இருக்கும்.

புது ஸ்கேட் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். இது தெரியாமல் நான் அப்படியே ஐஸில் இறங்கி, எண்ணெய் ஊற்றிய திண்ணையில் நடப்பதுபோல் முக்கால் மணி நேரம் வழுக்கினேன். கத்தியின் அடிப்பக்கம் தட்டையானது இல்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு ஓரமும் இரண்டு விளிம்பு. ஐஸைப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். சாணை பிடிப்பவர் ஆரம் எவ்வளவு என்று கேட்பார். எண் சின்னதானால் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம், நிறுத்துவது கஷ்டம். முதல் தடவை அரை அங்குலம் அல்லது 5/8 அங்குலம் என்று சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை ஆடினால் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு சாணை. ஐஸுக்கு வெளியே ரப்பர் தரையைத் தவிர வேறு எதிலும் கத்தி படக் கூடாது. சிமெண்டில் நாலு அடி வைத்தால் சாணைக் காசு போச்சு.

முதல் ராத்திரி

பெரியவர்கள் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம், குழந்தைகளும் நடனக்காரர்களும் லீக் அணிகளும் எடுத்துக்கொண்டது போக மீதிதான். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சமே நாலு மணி நேரம்தான் என்பதால் மாலை ஐந்துக்கும் இரவு பத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தூக்கம் வரும். வீட்டில் சோபாவில் உட்காராமல் நேரே கிளம்பிவிட வேண்டும். உட்கார்ந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை.

அரை மணி முன்னதாகப் போங்கள். கவசம் மாட்டுவதில் ஒரு வரிசை உண்டு. உள்ளாடையும் இடுப்புக் காப்பும், அப்புறம் முழங்கால் கவசம், அதன்மேல் நீளக் காலுறை, அதைச் சுற்றி டேப், பிறகு தொடைக் கவசக் கால்சட்டை, ஸ்கேட். அதற்குப் பிறகுதான் தோளும் முழங்கையும். தோள் கவசத்தை முதலில் போட்டுவிட்டால் குனிந்து லேஸ் கட்ட முடியாது. முதல் நாள் நான் ஆமை மல்லாந்ததுபோல் கிடக்க, எதிரே இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து என் லேஸைக் கட்டிவிட்டார். அவர் யார் என்று பிறகு கேட்டேன். தேசிய அணியில் முன்பு ஆடியவராம்.

உடை மாற்றும் அறையில் பெரியவர் சின்னவர் கிடையாது. எந்த இடத்திலும் உட்காரலாம், ஆனால் கதவருகே இருக்கும் மூலையைப் பெரும்பாலும் கோல்கீப்பருக்கு விடுவார்கள். அவர் சாமான் அவ்வளவு. குளியல் எல்லோருக்கும் பொது, தடுப்பு எதுவும் இல்லை. நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இந்த ஊர் நீச்சல் குளங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்காமல் உள்ளேயே விடமாட்டார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வெந்நீரில் லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் குழாய் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரின் கந்தக வாசனை அது.

பயிற்சியின்போது தேவைப்படும் ஐஸ்லாந்துச் சொற்கள் சொற்பம். பக்குக்கு பெக்குர், மட்டைக்கு கில்வா, ஆள் மாறுவதற்கு ஸ்கிஃப்தா, நடுவருக்கு டோமாரி. கோல் என்றால் மார்க். பயிற்சியாளர் பலகையில் படம் வரைந்து ஐஸ்லாந்து மொழியில் விளக்கிவிட்டு, உங்களைப் பார்த்ததும் அதையே ஆங்கிலத்தில் சொல்வார். அதற்காக வரிசையில் முதல் ஆளாக நிற்காதீர்கள். நாலாவதாக நின்று, முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்வதே நல்லது.

விதிகளை மொத்தமாகப் படித்துவிட்டு வர வேண்டும் என்றில்லை. ஐஸில் ஒரு அணிக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர். முறையான ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பகுதி. ஐஸில் குறுக்கே இரண்டு நீலக் கோடு தெரியும். எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டை பக் தாண்டுவதற்குமுன் நீங்கள் தாண்டினால் ஆஃப்சைட். நடுவிலுள்ள சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்த பக் யார்மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போனால் ஐசிங். திரும்ப உங்கள் பக்கத்திலேயே தொடங்குவார்கள். சின்னத் தப்புக்கு 2 நிமிடம் வெளியே, தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். தொடக்கக்காரர்களின் தப்பு எப்போதும் ஒன்றுதான்: ஓட முடியாமல் மட்டையை அடுத்தவர் காலுக்கிடையே நீட்டுவது. மட்டையைத் தரையிலேயே வைத்திருங்கள், இடுப்புக்கு மேலே தூக்காதீர்கள். பொழுதுபோக்கு ஆட்டத்தில் உடம்பால் இடிக்கும் பழக்கம் கிடையாது.

ஐஸில் ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்குள் வந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். புதியவர்கள் மூச்சு வாங்க நடுவில் நின்றுகொண்டே இருப்பார்கள். பெஞ்சில் காத்திருப்பவர்கள் முனகுவார்கள். கோல் போடாததற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நேரத்துக்கு வெளியே வராததற்குக் கட்டாயம் கோபித்துக்கொள்வார்கள்.

பணமும் உழைப்பும்

கட்டணம் பருவத்துக்கு ஒருமுறை, தவணையிலும் கட்டலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இங்கே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தொழிற்சங்கத்தில் இருப்பீர்கள், சம்பளச் சீட்டில் சந்தா பிடிப்பது தெரியும். உடற்பயிற்சிச் செலவில் ஒரு பகுதியைப் பல சங்கங்கள் ஆண்டுதோறும் திருப்பித் தருகின்றன. விளையாட்டுக் கிளப் கட்டணமும் அதில் சேருமா என்று உங்கள் சங்கத்தைக் கேளுங்கள். குழந்தைகளைச் சேர்ப்பவர்களுக்கு நகராட்சியே பொழுதுபோக்கு மானியம் தருகிறது. பதிவு செய்யும்போதே கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள் இன்னும் வந்திருக்க மாட்டீர்கள். தனியார் காப்பீடு ஐஸ் ஹாக்கியை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். முன்பல் விலை அதிகம்.

காசு கட்டியாயிற்று, இனி நான் வாடிக்கையாளர் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. கிளப்பை நடத்த ஆள் வைக்கவில்லை. ஆடுகிறவர்களும் பெற்றோர்களும்தான் ஆள். லீக் ஆட்டம் நடக்கும் நாளில் கடிகாரம் இயக்க ஒருவர், தண்டனைப் பெட்டிக் கதவுக்கு இரண்டு பேர், ஆட்டக் குறிப்பு எழுத ஒருவர், காபியும் ஹாட்டாக்கும் விற்க ஒருவர் வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்குப் பணம் திரட்டக் கழிப்பறைத் தாள் விற்பார்கள். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் விளையாட்டுக் கிளப்புகள் பணம் திரட்டும் வழிகளில் அது முக்கியமானது. பெரிய பெரிய கட்டாக வந்து இறங்கும். அக்கம்பக்கத்தில், அலுவலகத்தில் விற்றுத் தர வேண்டும். எல்லா வீட்டிலும் தேவைப்படும் பொருள், கெட்டுப்போகாது, வாங்கமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்கிற ஒரே தந்திரம் இதுதான்: மூன்றாவது வாரமே தண்டனைப் பெட்டிக் கதவு வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேட்டிங்கில் ஆறு மாதம் முயன்றும் கிடைக்காத நெருக்கம் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் கிடைத்துவிடும். ஐஸ் மட்டத்தில் நின்று ஆட்டம் பார்க்கலாம், ஆஃப்சைடும் ஐசிங்கும் தானாகப் புரியும். இந்த ஊர்க்காரர்கள் அறிமுகமில்லாதவரிடம் வலிய வந்து பேசுகிற வகை இல்லை. இரண்டு மாதம் தலையாட்டுவதோடு சரி. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்துவிட்டால் அப்புறம் பேச்சை நிறுத்த முடியாது.

அந்தப் பேச்சில் வின்னிபெக் ஃபால்கன்ஸ் எப்படியும் வரும். 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்றது கனடா. கனடா சார்பில் போனது வின்னிபெக் நகரத்து ஃபால்கன்ஸ் கிளப். அதில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஐஸ்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். கடைசி ஆட்டத்தில் ஸ்வீடனை 12-1 என்று வென்றார்கள். பதக்கம் கனடாவுடையது, பெருமை மட்டும் இங்கேயும் பங்கு போட்டுக்கொள்ளப்படுகிறது. ஐஸ்லாந்து சர்வதேச சம்மேளனத்தில் சேர்ந்ததோ 1992இல்தான். 2022 ஏப்ரலில் ஆண்கள் அணி உலகப் போட்டியின் இரண்டாம் டிவிஷன் பி பிரிவை லோய்கர்டாலூரிலேயே ஆடி வென்றது. நீங்கள் பென்குவின் தள்ளிய அதே ஐஸ்.

வடக்கே ஒரு பயணம்

பொழுதுபோக்கு அணியில் இருந்தாலும் வருடத்தில் ஒருமுறையாவது ஆக்குரேரிக்குப் போகும் பயணம் வாய்க்கலாம். தூரம் சுமார் 390 கிலோமீட்டர், நல்ல நாளில் ஐந்து மணி நேரம். குளிர்காலத்தில் நல்ல நாள் என்பது வானிலை மையம் தருவது. வழியில் ஹோல்ட்டவோர்துஹெய்தி, எக்ஸ்னாடால்ஸ்ஹெய்தி என்று இரண்டு மலைக் கணவாய். பனிப்புயல் வந்தால் மூடிவிடுவார்கள், மூடிவிட்டார்கள் என்றால் மூடிவிட்டார்கள்தான். கிளம்புமுன் சாலைத் துறையின் வரைபடத்தைப் பாருங்கள். பாதியில் பெட்ரோல் போட நிற்கும்போது இன்னொரு முறை பாருங்கள். ஆணி பதித்த டயர் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி. புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் வீரம் காட்டாமல் அணியின் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். திரும்பும் வழி அடைபட்டு ஒருநாள் தங்க நேரலாம் என்று திங்கட்கிழமை வேலையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைவக்காரர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். வழிக் கடைகளில் கிடைப்பது ஹாட்டாக், அதில் பாதி ஆட்டுக்கறி.

திரும்பி வந்ததும்

லோய்கர்டாலூரில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வரம் உண்டு. பூங்காவைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் பொது நீச்சல் குளம், அதன் வெந்நீர்த் தொட்டிகள். ராத்திரிப் பயிற்சிக்குப் பின் மூடியிருக்கலாம். மறுநாள் காலை எழுந்திருக்க முடியாதபோது நேரே அங்கே போங்கள். கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுக்கொடுக்கும். முந்தின நாள் கூட ஆடியவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாகப் பை. பயிற்சி முடிந்து வந்த இரவே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே போட்டுக் காயவையுங்கள். ஸ்கேட் கத்தியைத் துடைக்காமல் விட்டால் துரு ஏறும். கையுறையை இரண்டு நாள் பைக்குள் விட்டால் அந்த நாற்றம் அப்புறம் எதற்கும் போகாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொதுத் துவைப்பறையில் காயப் போடுமுன் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போட்டேன். மறுநாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, ஐஸ்லாந்து மொழியில், ஒரே ஒரு வாக்கியம். மொழிபெயர்ப்புக்கு அவசியம் இருக்கவில்லை.